பைபிள்ல இருக்கணும், ஆனா யாரும் வச்சிருக்கக் கூடாது: பையனுக்கு என்ன பேர் வைக்கிறது?

கேள்வி: ஐயா, எங்களுக்கு சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம், இப்ப கோயம்புத்தூர்ல இருக்கோம். வீட்டுக்காரர் ஃபவுண்டரிக்கு, அதாவது உலோகத்த உருக்கி வார்க்குற பட்டறைக்கு, அச்சு எடுக்குறதுக்கான மாதிரிய (பேட்டர்ன்) மரத்துல செஞ்சு கொடுக்குற வேலை பார்க்குறாரு. போன மாசம் பையன் பிறந்திருக்கான். இதுக்கு முன்னாடி ஒரு பையன் ஏழாம் மாசத்துல வயித்துலயே இறந்துட்டான், அவனுக்கு யோசுவான்னு பேர் நினைச்சு வச்சிருந்தோம். இவனுக்கு பைபிள் பேர்தான் வைக்கணும், ஆனா எல்லாரும் வைக்காத பேரா இருக்கணும்னு ஆசை, பக்கத்து ப்ளே ஸ்கூல்லயே மூணு ஜோஷுவா இருக்காங்க. ஒரு ஆப்ல பார்த்து இக்கபோத், யாபேஸ், யெதிதியா, ஈத்தாய், பெசலெயேல்னு அஞ்சு பேர் எடுத்து வச்சிருக்கோம். மாமனார் அவங்க அப்பா பேரான மாசிலாமணிதான் வைக்கணும்னு நிக்கிறாரு. எனக்கு மனசுல யாபேஸ்தான், ஏன்னா நானும் இவன துக்கத்தோடதான் பெத்தேன். அடுத்த மாசம் ஞானஸ்நானம். நீங்க பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுக்கிறவங்க, எதுன்னு சொல்லுங்க.

பதில்: அன்பு மகளே, முதல்ல பையன் நல்லபடியா பிறந்து வீட்டுக்கு வந்ததுக்கு கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் லெட்டர ரெண்டு தடவ படிச்சேன், பேர் விஷயத்த விட அந்த முதல் பிள்ளையப் பத்தி எழுதின ஒரு வரிதான் எனக்கு மனசுல நின்னுச்சு, அதனால அதையும் சேர்த்தே பேசுறேன்.

அவசரப்படாத, அத முதல்ல சொல்லிடுறேன். பிறந்து 21 நாளைக்குள்ள பிறப்பப் பதிவு பண்ணணும்ங்கறதுதான் சட்டம், அத ஆஸ்பத்திரியிலயே அனுப்பியிருப்பாங்க, அந்தப் பதிவுல பேர் கட்டாயம் இல்ல. 12 மாசத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் கட்டணம் இல்லாம பேர சேர்த்துக்கலாம், அதுக்கு அப்புறமும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்க வழி இருக்கு. ஆகவே ஞானஸ்நானத் தேதிய ஒரு மாசம் தள்ளி வச்சாலும் ஒண்ணும் ஆகாது, உங்க சபை ஐயர்கிட்ட (போதகர்கிட்ட) சொன்னா புரிஞ்சுக்குவாரு.

இப்ப லிஸ்டுக்கு வருவோம். இக்கபோத்த இன்னைக்கே அடிச்சிடு. ஆப்ல "மகிமை"ன்னு அர்த்தம் போட்டிருக்காங்கன்னு எழுதியிருந்த, பாதி வார்த்தைய மட்டும் எடுத்துப் போட்டிருக்காங்க. 1 சாமுவேல் நாலாம் அதிகாரத்த இன்னைக்கு ராத்திரி நீயும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து படிங்க. எதிரிகளான பெலிஸ்தர், தேவன் கூட இருக்குறதுக்கு அடையாளமான உடன்படிக்கைப் பெட்டிய பிடிச்சுட்டுப் போயிட்டாங்க, அந்த சேதி கேட்டு ஆசாரியர் ஏலி கீழ விழுந்து செத்துட்டாரு, அவரு மகன் பினெகாஸ் போர்ல செத்துட்டான், இதெல்லாம் ஒரே நாள்ல கேட்ட பினெகாஸோட மனைவி, நிறைமாச கர்ப்பிணி, அந்த இடத்துலயே பிள்ளைய பெத்துட்டு, பக்கத்துல நிக்கிற பொம்பளைங்க "பயப்படாத, ஆம்பளப் பிள்ள பிறந்திருக்கு"ன்னு சொல்லியும் பதில் பேசாம, மகிமை இஸ்ரவேல விட்டுப் போயிடுச்சுன்னு சொல்லி அந்தப் பிள்ளைக்கு இக்கபோத்னு பேர் வச்சுட்டு கண்ண மூடினா. மகிமை இல்லைங்கற பேர் அது. உன் பையன் மேல அது வேண்டாம்.

இத வச்சே ஒரு விஷயம் சொல்லணும். ஆப்லயும் நெட்லயும் இருக்குற லிஸ்ட்ல ஒரு பேர், எதிர்ல ஒரு அர்த்தம், அவ்வளவுதான் இருக்கும். ஆனா பைபிள் பேருங்கறது அர்த்தம் மட்டும் இல்ல, அது ஒரு ஆளோட முழுக் கதை. அப்சலோம்னா அர்த்தம் எவ்வளவு அழகு, சமாதானத்தோட தகப்பன்னு சொல்லலாம், ஆனா அவன் பெத்த தகப்பன் தாவீது ராஜாவுக்கு எதிராவே எப்ரோன்ல கலகம் பண்ணி, கடைசியில கர்வாலி மரத்துல தலை மாட்டி தொங்கினவன். யோனதாப்னு பேர் பார்த்தா ரெண்டு பேர் இருக்காங்க, ஒருத்தன் தாவீதோட அண்ணன் மகன், தாவீதோட மகன் அம்னோனுக்கு கெட்ட யோசனை சொல்லிக்கொடுத்த தந்திரக்காரன், இன்னொருத்தன் ரேகாபோட மகன், அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காக தலைமுறை தலைமுறையா திராட்சரசம் தொடாம இருந்துச்சு ஒரு குடும்பம், எரேமியா 35ல இருக்கு. யார மனசுல வச்சு பேர் வச்சீங்கன்னு உங்க பையன் ஒரு நாள் கேப்பான், அன்னைக்கு சொல்றதுக்கு ஒரு ஆள் இருக்கணும். எத்தனை பேர் வச்சிருக்காங்கங்கறத விட இதுதான் எனக்குப் பெரிசு. (எபனேசர்னு நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பேர் இருக்கே, அது பைபிள்ல ஆளே இல்ல, சாமுவேல் நிறுத்தின கல்லு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்"னு சொல்லி வச்ச கல்லு. அந்தக் கல்லுக்குப் பின்னாலயும் சொல்றதுக்கு கதை இருக்கு, அதனால எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர்தான் அது.)

யாபேஸ். இதப் பத்தி நிறைய பேசணும் மா. 1 நாளாகமம் நாலாம் அதிகாரம், வெறும் பேர்ப் பட்டியலா ஓடிக்கிட்டு இருக்குற இடத்துல திடீர்னு ரெண்டே வசனம் இவனப் பத்தி வருது. தாய் துக்கத்தோட பெத்தேன்னு சொல்லி யாபேஸ்னு பேர் வச்சா. அடுத்த வசனத்துல அவன் வளர்ந்து ஜெபம் பண்றான், என்ன கேக்குறான்னு பாரு, ஆசீர்வாதம் கேக்குறான், எல்லைய பெரிசாக்கும்னு கேக்குறான், கடைசியா "தீங்கு என்னைத் துக்கப்படுத்தாதபடிக்கு" காத்தருளும்னு கேக்குறான். தன் பேர்லயே இருக்குற துக்கம் தன் வாழ்க்கையா ஆயிடக் கூடாதுன்னு ஒரு மனுஷன் ஆண்டவர்கிட்ட கெஞ்ச வேண்டியிருந்துச்சு, நான் அந்த ஜெபத்த அப்படித்தான் படிக்கிறேன். தேவன் அவன் கேட்டத கொடுத்தாருன்னு அதே வசனம் சொல்லுது, அது பெரிய ஆறுதல். ஆனா அந்த பாரத்த பிள்ளை தலையில வைக்காம இருக்க நமக்கு வழி இருக்கும்போது ஏன் வைக்கணும்?

ராகேல நினைச்சுப் பாரு. பெத்லகேமுக்குப் போற வழியில பிரசவ வேதனையில உயிர் போகும்போது பிள்ளைக்கு பெனோனின்னு பேர் வச்சா, என் துக்கத்தின் மகன்ங்கற மாதிரி. யாக்கோபுக்கு அந்த மனைவி மேல எவ்வளவு பிரியம்னு எல்லாருக்கும் தெரியும், பதினாலு வருஷம் வேலை செஞ்சு கட்டினவன், அப்படியிருந்தும் அவ கடைசியா வச்ச அந்தப் பேர மட்டும் அவன் ஏத்துக்கல, பென்யமீன்னு மாத்திட்டான். அம்மா மேல பிரியம் இல்லாம இல்ல. பிள்ளை தினமும் கூப்பிடப்படுறப்ப எல்லாம் அம்மாவோட சாவு ஞாபகம் வர வேண்டாம்னுதான் மாத்தியிருப்பான்னு எனக்குத் தோணுது. உன் துக்கம் நிஜம், அத நான் குறைச்சு சொல்லல, ஏழு மாசம் சுமந்த பிள்ளை. ஆனா அது உன்னோட துக்கம், உன் வீட்டுக்காரரோட துக்கம், இப்ப தொட்டில்ல கிடக்குறவனுக்கு அதுல பங்கு இல்ல. அதோட நம்ம சபைகள்ல ஜாபேஸ்ங்கற பேர் இப்ப நிறையவே கேக்குது, நீ தேடுற அபூர்வம் அதுல கிடைக்காது.

இன்னொண்ணு, லெட்டர் கடைசியில ஒரு வரி எழுதி அடிச்சிருந்த, ஆனாலும் படிக்க முடிஞ்சுது, யோசுவாங்கற பேரயே இவனுக்கு வச்சிடலாமான்னு. வேண்டாம் மா. அது அந்தப் பிள்ளையோட பேர். ஜெபத்துல அவன ஞாபகம் பண்ணும்போது நீங்க ரெண்டு பேரும் சொல்றதுக்கு அந்தப் பேர் அவனுக்கே இருக்கட்டும். இவனுக்கு இவனோட பேர் வேணும்.

யெதிதியா நீ லிஸ்ட்ல எப்படி சேர்த்தன்னு தெரியல, ஆனா உன் வீட்டுக்கு கிட்டத்துல வர்ற பேர் இது. தாவீதும் பத்சேபாளும் ஒரு பிள்ளைய ஏழாம் நாள் பறிகொடுத்தாங்க. அதுக்கு அப்புறம் பிறந்த பிள்ளைக்கு சாலொமோன்னு பேர் வச்சாங்க, ஆனா கர்த்தர் நாத்தான் தீர்க்கதரிசிய அனுப்பி அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பேர் கொடுத்தாரு, அதுதான் யெதிதியா, கர்த்தருக்குப் பிரியமானவன். 2 சாமுவேல் 12:25. அந்த ஒரு வசனத்தோட சரி, அதுக்கு அப்புறம் பைபிள்ல வேற எங்கயும் சாலொமோன அந்தப் பேர் சொல்லி கூப்பிடல. துக்கம் விழுந்த வீட்டுல பிறந்த பிள்ளைக்கு ஆண்டவரே வச்ச பேர்ல துக்கத்தோட ஒரு எழுத்து கூட இல்ல, பிரியம் மட்டும்தான் இருக்கு. யாபேஸையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜெபம் பண்ணிப் பாரு.

ஆனா ஒண்ண மறைக்காம சொல்லணும். அந்த அதிகாரத்துல முதல் பிள்ளை செத்தது தாவீது செஞ்ச பாவத்தோட சேர்த்து சொல்லப்பட்டிருக்கு. நாளைக்கு ஊர்ல யாராவது, பைபிள் தெரிஞ்சவங்கன்னு நினைச்சுக்கிட்டு, அப்ப நீங்களும் ஏதோ பண்ணித்தான் முதல் பிள்ளை போச்சான்னு வாய் கூசாம கேப்பாங்க. சொந்தக்காரங்க ஏற்கனவே உன்கிட்ட அப்படி ஏதாவது சொல்லியிருந்தா நான் இப்ப அழுத்தமா சொல்றேன், அது பொய். தாவீதுக்கு நடந்தது தாவீதோட கதை, எந்தப் பிள்ளை இறந்தாலும் அதுக்கு பெத்தவங்க பாவம்தான் காரணம்னு அதுல இருந்து யாரும் கணக்குப் போட முடியாது. பிறவிக் குருடனப் பார்த்து இது யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் கேட்டப்ப, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல"ன்னு ஆண்டவரே வாய் திறந்து சொன்னாரு, யோவான் 9ல இருக்கு, அந்த வசனத்த நீ மனப்பாடமா வச்சுக்க. அந்த மாதிரி பேச்ச தாங்குற தைரியம் உனக்கு இருந்தா யெதிதியா வை. இப்ப உடம்பும் மனசும் அதுக்கு இல்லைன்னு தோணினா விட்டுடு, தப்பே இல்ல.

ஈத்தாய் கதை எனக்கு உயிர். அப்சலோமுக்கு பயந்து தாவீது எருசலேம விட்டு ஓடும்போது காத் ஊர்ல இருந்து வந்த 600 பேரோட இந்த ஈத்தாயும் பின்னாலயே வர்றான். நீ அந்நியன், நேத்து வந்தவன், திரும்பிப் போன்னு ராஜாவே சொல்றாரு, இவன் செத்தாலும் பிழைச்சாலும் நீர் இருக்குற இடத்துலதான் நான்னு சொல்லி சின்னப் பிள்ளைங்களோட ஆத்த கடக்குறான். கோலியாத்தோட ஊர்க்காரன் அவன்! கடைசியில தாவீது தன் படைய மூணா பிரிச்சு ஒரு பங்க இவன் கையில கொடுக்குறாரு. எல்லாம் சரி, ஆனா தமிழ்ல சத்தமா சொல்லிப் பாரு. ஈத்தாய். கடைசியில தாய்னு கேக்குது, ஆம்பளப் பிள்ள, ஆறாம் கிளாஸ்ல பசங்க சும்மா விடமாட்டாங்க. பைபிள் பேர் எடுக்கும்போது நம்ம வாய்ல அது என்ன ஆகுதுன்னு கண்டிப்பா பார்க்கணும், மோசேயோட கைய தாங்கிப் பிடிச்சவங்கள்ல ஒருத்தன் பேர் நம்ம பைபிள்ல "ஊர்"னு இருக்கு, எவ்வளவு பெரிய வேலை செஞ்சவன், ஆனா அத தமிழ்ப் பிள்ளைக்கு வைக்க முடியுமா? ஓசியாவும் நல்ல தீர்க்கதரிசிதான், ஆனா கேன்டீன்ல அந்தப் பையன ஓசின்னுதான் கூப்பிடுவாங்க. ஈத்தாய் கதைய பையனுக்கு சொல்லிக்கொடு, பேர் வேண்டாம்.

பெசலெயேல். இதுக்காகத்தான் நான் உன் லெட்டர்ல வீட்டுக்காரர் வேலைய எழுதின இடத்த திரும்பத் திரும்பப் பார்த்தேன். யாத்திராகமம் 31ல கர்த்தர் மோசேகிட்ட சொல்றாரு, யூதா கோத்திரத்துல ஊரியோட மகன் பெசலெயேலப் பேர்சொல்லி அழைச்சேன், அவன தேவ ஆவியால நிரப்பினேன்னு. எதுக்காக? பொன், வெள்ளி, வெண்கலத்துல வேலை செய்ய, ரத்தினத்த வெட்டிப் பதிக்க, மரத்துல சித்திர வேலை செய்ய. தேவ ஆவியால நிரப்பப்பட்டான்னு பைபிள்ல முதல்ல சொல்லப்பட்டவன் ஆசாரியன் இல்ல, தீர்க்கதரிசி இல்ல, கைவேலைக்காரன். இஸ்ரவேலர் ஆராதனை செஞ்ச ஆசரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் குத்துவிளக்கும் இவன் கையில உருவானது. உன் வீட்டுக்காரர் தேக்கு மரத்துல ஒரு பம்ப் பாடிக்கு பேட்டர்ன் செதுக்கும்போது வார்ப்பு ஆறினா எவ்வளவு சுருங்கும்னு கணக்குப் பண்ணி அந்த அளவு கூட வச்சு செதுக்குவாரு இல்லையா, அந்தக் கை நிதானமும் ஆவியானவர் கொடுக்குறதுதான்னு பைபிளே சொல்லுது. அப்பா வேலை செய்ற பட்டறைக்கு பையன கூட்டிட்டுப் போய், உன் பேர்க்காரன் செஞ்சதும் இதே மாதிரி வேலைதான்டான்னு காட்ட முடியும். உங்க அஞ்சு பேர்ல எனக்குக் கேட்டா இதுதான்.

கஷ்டம் ஒண்ணு இருக்கு, எழுத்து. தமிழ் பைபிள்ல பெசலெயேல்னு இருக்கு, இங்கிலீஷ்ல இசட் போட்டு எழுதுவாங்க, ஆச்சி பெசலேல்னு சுருக்குவாங்க, பசங்க "பெசல்"னு கூப்பிடுவாங்க, ஹோட்டல்ல பெசல் தோசைன்னு சொல்ற மாதிரி. அதுல எனக்கு ஒரு குறையும் தெரியல, ஸ்பெஷல்னு கூப்பிட்டா எந்தப் பிள்ளையும் அழமாட்டான். ஆனா நீங்க வீட்டுல எப்படிக் கூப்பிடப் போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணி ஒரு வாரம் கூப்பிட்டுப் பாருங்க. அடுப்படியில இருந்து, வாசல்ல இருந்து, கோவத்துல, தூக்கத்துல. நாலு நாள்ல நாக்குக்கு பழகலைன்னா அந்தப் பேர் உங்களுக்கு ஆகாது, அப்ப சின்னதா ஆசாப்னு ஒரு பேர் இருக்கு, சங்கீதத்துல 12 இவன் பேர்ல இருக்கு, இல்லைன்னா ஓபேத், ரூத்தோட மகன்.

ஓபேத்துன்னதும் உன் மாமனார் ஞாபகம் வருது. அந்தப் பிள்ளைக்கு பேர் வச்சது அப்பா போவாஸும் இல்ல, அம்மா ரூத்தும் இல்ல, பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க வச்சாங்கன்னு ரூத் நாலாம் அதிகாரம் சொல்லுது. லூக்கா ஒண்ணாம் அதிகாரத்துலயோ நேர் எதிர். எலிசபெத்து பெத்த பிள்ளைக்கு எட்டாம் நாள் சொந்தக்காரங்க எல்லாம் கூடி அப்பா பேரான சகரியாவையே வைக்கப் பார்க்குறாங்க, எலிசபெத்து முடியாதுங்கறா, யோவான்தான்ங்கறா, உங்க சொந்தத்துலயே இந்தப் பேர் யாருக்கும் இல்லையேன்னு அவங்க விடாம கேக்குறாங்க, கடைசியில பேச முடியாத சகரியா பலகைய வாங்கி எழுதிக் காட்டினதும்தான் அடங்குறாங்க. பேர் வைக்கிற சண்டை பைபிள் காலத்துலயே இருக்கு, அதனால நீ மாமனார் மேல வருத்தப்படாத. அவரு கேக்குறதுலயும் நியாயம் இருக்கு.

ஏன்னா இத யோசிச்சுப் பாரு, உன் பக்கத்து ப்ளே ஸ்கூல்ல மூணு ஜோஷுவா இருக்காங்க, எத்தனை மாசிலாமணி இருக்கான்? நீ தேடுற அபூர்வமான பேர் உன் வீட்டுக்குள்ளயே இருக்கு. ஞானமுத்து, ஆசீர்வாதம், தேவசகாயம், மாசிலாமணி, இதெல்லாம் நம்ம முன்னோர்கள் தமிழ்லயே யோசிச்சு வச்ச பேருங்க. நீலகண்ட பிள்ளை 1745ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் வாங்கினப்ப அவருக்கு வச்ச பேர் லாசரு, அத அப்படியே தமிழாக்கித்தான் தேவசகாயம்னு கூப்பிட்டாங்க, 2022 மே 15ல அதே பேர்ல அவர புனிதர்னு அறிவிச்சாங்க. ஆக தேவசகாயமும் பைபிள் பேர்தான். இந்தப் பேருங்கள நாம கொஞ்சம் கொஞ்சமா கைவிடுறது எனக்கு உண்மையாவே வருத்தம்.

அதனால பெசலெயேல் மாசிலாமணின்னு ரெண்டையும் சேர்த்து வைக்கலாம்ங்கறது என் யோசனை. மாமனார்கிட்ட நீ போய் சொல்லாத, வீட்டுக்காரர சொல்ல வை, அதுவும் முடிவ சொல்ற மாதிரி இல்லாம, யாத்திராகமம் 31 அவரையே வாசிக்கச் சொல்லி, எங்களுக்கு இந்தப் பேர் மேல ஆசை, தாத்தா பேரும் கூட இருக்கணும்னு நினைக்கிறோம்பான்னு கேக்கட்டும். மூணாவதா ஒரு பேர மட்டும் சேர்க்காதீங்க, இனிஷியல விரிச்சு எழுதச் சொல்ற ஃபார்ம்ல கட்டம் பத்தாம அவதிப்படுவான், பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல வேற அப்பா பேர் போக வாய்ப்பிருக்கு.

பேர் முடிவானதும் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒரே பேப்பர்ல எழுத்து எழுத்தா எழுதி வச்சுட்டு, முதல்ல மாநகராட்சியில பிறப்புச் சான்றிதழ்ல சேருங்க. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்த சான்றிதழத்தான் கேப்பாங்க, அதுல ஒரு எழுத்து தப்பினா பின்னால திருத்த அலையணும். அந்த சான்றிதழோட ஜெராக்ஸ ஐயர்கிட்ட கொடுத்து ஞானஸ்நானப் பதிவேட்டுலயும் அதே மாதிரி எழுதச் சொல்லு. அப்புறம் ஞானத்தகப்பனா யார் நிக்கப் போறாங்களோ அவங்கள ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு பேர சொல்லிப் பழகச் சொல்லு, ஐயர் பிள்ளைய கையில வாங்கிட்டு பேர் சொல்லுங்கன்னு கேக்கும்போது சீட்டுல எழுதினத எழுத்துக்கூட்டிப் படிக்கிறத நான் நிறைய தடவ பார்த்திருக்கேன், பெசலெயேல்னு வரும்போது கண்டிப்பா தடுமாறுவாங்க.